முத்துக்குளிச்சவங்க என்ன போட்டிருந்தாங்க?

கடலே இல்லாத மதுரைல உட்கார்ந்துக்கிட்டு இன்னைக்கு டைவிங் சூட் பத்திப் பேசப்போறோம். காரணம் இருக்கு. மதுரையை ஆண்ட பாண்டியர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கொற்கை முத்து. அதை எடுக்கக் கடலுக்குள்ள போனவங்க உடம்புல என்ன இருந்துச்சு?

முதல்ல இன்னைய நிலவரம். குளிர்க்கடல்ல இறங்குறவங்க டிரைசூட் போடுவாங்க. உள்ள தண்ணி வராது. அதுக்கான நியோப்ரீன்ல முக்கியமா ரெண்டு ரகம். சாதாரண ஃபோம் நியோப்ரீன்ல, ரப்பருக்குள்ள குட்டிக் குட்டி வாயுக் குமிழிகள் இருக்கும். கதகதப்பைத் தர்றது அதுதான். ஆனா 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் ரெண்டு மடங்கு, குமிழிகள் நசுங்கும். சூட் மெலிசாகும், குளிர் ஏறும், மிதப்பு குறையும். கிரஷ்டு நியோப்ரீன்ல, தயாரிக்கும்போதே குமிழிகளை நசுக்கிடுவாங்க. ஆழத்துல அதிகம் மாறாது, நல்லா உழைக்கும். கதகதப்பு கம்மி, அதனால உள்ள தனி உடுப்பு வேணும்.

மன்னார் வளைகுடா தண்ணி வெதுவெதுப்பா இருக்கும், டிரைசூட் தேவையில்ல. ஆனா அழுத்தம் எந்தக் கடல்லயும் ஒண்ணுதான். கயிறு கட்டின கல்லுல கால வச்சு, ஒரே மூச்சுல இறங்கினாங்க. 10 மீட்டர்ல, அந்தக் குமிழி மாதிரியே நெஞ்சுக்குள்ள இருக்கிற காத்தும் பாதியா சுருங்கும்.

யார் இறங்கினது? முதல் நூற்றாண்டு கிரேக்க நூலான பெரிப்ளூஸ், கொற்கையில் தண்டனைக் கைதிகள் முத்துக்குளித்ததாகச் சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து போனதாக எழுதுகிறார். பின்னாடி அவங்களுக்குக் 'கடல்கட்டி'ன்னே பேர். அன்னைக்கு இருந்த ஒரே டைவிங் சூட் அந்த மந்திரம்தான்.

1930-ல அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் நியோப்ரீன் பிறந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் அதில் வெட்சூட் செய்தார். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அப்பவும் வெறும் உடம்போடதான் இறங்கினாங்க. பொருள் வந்தாச்சு, அவங்ககிட்ட வரல.

இன்னைக்கும் ராமநாதபுரம் கரையில கடல்பாசி எடுக்கிற அக்காமாரு, பாறை கிழிக்காம இருக்க விரல்ல துணி சுத்திக்கிட்டுத்தான் முங்குறாங்க. அவங்களுக்கு டிரைசூட் வேணாம். மெல்லிசா ஒரு நியோப்ரீன் கையுறை போதும்.

முத்தோட வரலாறு நமக்குத் தெரியும். அதை எடுத்த கைகளோட வரலாற்றையும் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.