வீடா, சானடோரியமா?

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் பாதையில், குரோம்பேட்டையைத் தாண்டியதும் ஒரு ஸ்டேஷன் வருகிறது. தாம்பரம் சானடோரியம் என்று பெயர். தினந்தோறும் ஆயிரக்கணக்கான பேர் அங்கே ஏறி இறங்குகிறார்கள். சானடோரியம் என்றால் என்ன என்று அவர்களில் பத்துப் பேரைக் கேட்டால், ஐந்து பேராவது, “அது இந்த இடத்தின் பெயர்” என்றுதான் சொல்வார்கள். அந்த அளவுக்கு நாம் அதை மறந்திருக்கிறோம். ஒரு காலத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தாலே பெற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டது போலத் தவிப்பார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுவார்கள்.

கதை எழுதும் என் இனத்தாருக்கு மட்டும் அது பெரிய உபகாரியாக இருந்தது. கதாநாயகியை என்ன செய்வதென்று தெரியாமல் திணறும்போது, அவளை இரண்டு தடவை இருமச் செய்து, கைக்குட்டையில் ஒரு துளி ரத்தத்தைக் காட்டி, சானடோரியத்துக்கு அனுப்பிவிட்டால் போதும். வாசகர்கள் கண்ணீர் விடுவார்கள். பத்திரிகாசிரியரும் திருப்தியடைவார். கதையில் வரும் சானடோரியத்தில் சவுக்குத் தோப்பும் நிலவும் இருக்கும். கணக்குப் புத்தகம் மட்டும் இராது. நான் சொல்ல வந்தது அந்தக் கணக்குப் புத்தகத்தின் கதையைத்தான்.

தாம்பரத்தில் 1928-ஆம் வருஷம் சானடோரியத்தை ஆரம்பித்தவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோகிகளுக்கென்று ஓர் ஆஸ்பத்திரியை நடத்திப் பெயர் வாங்கியவர். 1914-ல் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது, அதே கப்பலில் இவரும் போனார். பிறகு ராமானுஜன் நோயில் விழுந்தபோது, மெண்டிப் குன்றில் இவருடைய பராமரிப்பில் சில காலம் இருந்தார். ராமானுஜனுக்கு வந்தது க்ஷயம்தானா என்று பிற்கால வைத்தியர்கள் சந்தேகப்படுகிறார்கள். அது வேறு கதை. ஊர் திரும்பிய அவர் 1920-ல் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அந்தச் சேத்துப்பட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சானடோரிய வைத்தியத்தின் சாரம் மூன்று வார்த்தைகளில் அடங்கும்: ஓய்வு, உணவு, காற்று. மருந்து இல்லாத நாளில் அதைவிட்டால் வேறு கதி இல்லை. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸும் வந்தன. 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. மருந்து வந்த பிறகும் டாக்டர்கள் படுக்கையை விடவில்லை. மருந்தையும் கொடு, படுக்கையிலும் போடு என்றார்கள். இதில் ஒரு சங்கடம். இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கைகள் சில ஆயிரம். படுக்கை அவசியந்தான் என்றால், பெரும்பாலோருக்கு வைத்தியமே இல்லை என்று அர்த்தம். இடத்துக்குக் காத்திருந்தே பலர் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்படியானால் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன? குடிசையில், அரை வயிற்றுச் சாப்பாட்டில், ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்துக்கொண்டு நோய் தீருமா? கூட இருக்கும் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா? ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அபிப்பிராயம் இருந்ததே தவிர விடை இல்லை.

விடை காணும் முறையை இங்கிலாந்தில் ஒருவர் ஏற்கெனவே காட்டியிருந்தார். ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்பது அவர் பெயர். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டவர். முதல் உலக யுத்தத்தில் க்ஷயம் பற்றிக்கொள்ளவே, வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். தபால் மூலம் பொருளாதாரம் படித்துப் புள்ளிவிவர நிபுணரானார். 1947-ல், ஸ்ட்ரெப்டோமைசின் மிகச் சொற்பமாகக் கிடைத்த சமயம், 107 நோயாளிகளை அவர் வகுத்த திட்டப்படி இரண்டாகப் பிரித்தார்கள். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும். 52 பேருக்கு வழக்கம்போல் ஓய்வு மட்டும். யார் எந்தப் பக்கம் என்பதை எந்த டாக்டரும் தீர்மானிக்கவில்லை. ஒட்டிய உறைக்குள் இருந்த சீட்டு தீர்மானித்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு வாதத்துக்கு இடமில்லை.

உயிர் விஷயத்தில் சீட்டுப் போடுவதா என்று உங்களுக்குத் திக்கென்றிருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் நம் ஊர் வழக்கம் ஒன்று இதை எனக்குத் தெளிவாக்கியது. செங்கற்பட்டுக்கு அப்பால் உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு பாலகனைக் கொண்டு எடுக்கச் சொல்கிறது அது. ஏன் பாலகன்? பெரியவர்களின் கை தனக்கு வேண்டியவன் ஓலையைத் தேடும் என்பதால்தான். டாக்டரின் கையும் அப்படித்தான். அவர் நல்லவர், நல்லவர் என்பதாலேயே, பிழைக்கக் கூடியவன் என்று தோன்றுகிறவனைப் புது மருந்தின் பக்கம் தள்ளுவார். அப்புறம் மருந்து ஜெயித்ததா, நோயாளியின் உடல் வலு ஜெயித்ததா என்று யார் சொல்வது?

1956-ல் சென்னைக்கு வந்தார் வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தை அமைத்திருந்தன. ராமானுஜன் கண்ணை மூடிய அதே சேத்துப்பட்டு. ஃபாக்ஸ் பிறந்ததும் அதே 1920-ஆம் வருஷம். அவரோடு வேலை செய்தவர்களில் டாக்டர்கள் தேவதத்தா, வேலு போன்ற நம்மவர்களும், புள்ளிவிவரத்துக்கு எஸ். ராதாகிருஷ்ணாவும் இருந்தார்கள்.

சென்னையின் ஏழைப் பேட்டைகளிலிருந்து 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். சீட்டு முறையில் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி வீட்டுக்கு. இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பாஸும், ஒரு வருஷம். வீட்டிலிருப்பவர்கள் வாரம் ஒரு முறை வந்து மருந்து வாங்கிப் போக வேண்டும். வாங்கியதைச் சாப்பிட்டார்களா? இங்கேதான் ஃபாக்ஸின் சாமர்த்தியம். சொல்லாமல் ஆளை அனுப்பி வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணச் சொல்வார். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார். மாமியார் மருமகளைக் கண்காணிப்பது போன்ற கண்காணிப்பு!

வருஷம் முடிந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாக ஓய்வெடுத்தார்கள், எடையும் கூடுதலாகப் போட்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டு, வேலையும் செய்தார்கள். ஆனால் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86.

“அப்படியானால் சானடோரியந்தானே ஜெயித்தது?” என்று கேட்பீர்கள். புள்ளிவிவரக்காரர் இங்கே நம் கையைப் பிடித்து நிறுத்துகிறார். ஒவ்வொரு பக்கமும் நூறு பேர் கூட இல்லை. அதில் ஐந்தாறு பேர் முன்பின் ஆவது வெறும் சீட்டின் விளையாட்டாகவே இருக்கலாம். நாணயத்தை நூறு தடவை சுண்டினால் சரியாக ஐம்பது தலை விழுகிறதா, என்ன? வித்தியாசம் சிறிது, அதைப் படுக்கையின் மகிமை என்று சாதிக்க முடியாது. இன்னொரு பக்கம், படுக்கை இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்ட லட்சம் பேரை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு 86 என்ற எண், சும்மா இருப்பதற்கும் பிழைப்பதற்கும் உள்ள தூரம்.

குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்? குடும்பத்தாரையும் விடாமல் வருஷக்கணக்கில் பரிசோதித்தார்கள். நோயாளி வீட்டில் இருந்ததனால் வீட்டாருக்கு அதிகமாக நோய் வரவில்லை. ஒட்டுவது பெரும்பாலும் வைத்தியத்துக்கு முன்பே ஒட்டிவிடுகிறது. மருந்து உள்ளே போனதும் பரவுகிற வேகம் தணிந்துவிடுகிறது. 1959-ல் முடிவு வெளியானது. உலகம் முழுவதும் க்ஷயரோகிகள் வீட்டிலிருந்தே வைத்தியம் செய்துகொள்ள வழி பிறந்தது.

ஒரு ஆட்சேபம் இருந்தது, நியாயமானதுதான். ஏழைக்கு இரண்டாந்தர வைத்தியம் கொடுத்துச் சர்க்கார் பணத்தை மிச்சம் பிடிக்கிறது என்றார்கள். மருந்தை மாத்திரம் கையில் கொடுத்து, ஆளை மறந்துவிட்டால் அந்த ஆட்சேபம் உண்மையாகிவிடும். சென்னையில் வீட்டிலிருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேர் குணமடைந்தது வீட்டின் மகிமையால் அல்ல. வாரம் தவறாமல் மருந்து கொடுத்து, வீடு தேடி வந்து எண்ணிப் பார்த்த சிரத்தையால். இதை ஃபாக்ஸே நன்றாக அறிந்திருந்தார். நேரில் பார்த்து மருந்து விழுங்கச் செய்யும் முறையும் சென்னையில் நடந்த பின்னைய சோதனைகளில்தான் வளர்ந்தது.

1961-ல் ஃபாக்ஸ் லண்டன் திரும்பினார். அதே சீட்டையும் உறையையும் வேறொரு வியாதியிடம் கொண்டு போனார். நுரையீரல் புற்றுநோயில் ‘ஓட்’ செல் என்று ஒரு கொடிய வகை உண்டு. கத்தி வைப்பதா, கதிர் வைப்பதா என்று தர்க்கம். அறுவை சிகிச்சைக்காரர்கள் தம் கத்தியை நம்பினார்கள். 144 நோயாளிகள், 71 பேர் கத்திக்கு, 73 பேர் கதிருக்கு. பத்து வருஷம் பின்தொடர்ந்து, 1973-ல் ஃபாக்ஸும் ஸ்காடிங் என்ற டாக்டரும் முடிவை எழுதினார்கள். கத்திப் பக்கத்தில் சராசரி ஆயுள் 199 நாள். கதிர்ப் பக்கத்தில் 300 நாள். பத்து வருஷம் கடந்து உயிரோடு இருந்தவர்கள் மூன்றே பேர். மூவரும் கதிர்ப் பக்கம்.

இதை வெற்றி என்று யார் சொல்வார்கள்? 144-ல் மூன்று! ஆனாலும், மார்பைப் பிளந்து ஒன்றும் ஆகாத வேதனையிலிருந்து பின்னால் வந்த எத்தனையோ பேரை அந்தக் கணக்கு காப்பாற்றியது. தோல்வியையும் எண்ணி எழுதி வைப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

நம் அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்திலும் அந்தத் தைரியம் இருந்தது. 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு திறந்த அந்த இடத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1982 முதல் சென்னை நகரில் எத்தனை பேருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்பதற்கும் அங்கே பதிவேடு இருக்கிறது.

தாம்பரத்துப் படுக்கைகளும் வீணாகவில்லை. 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளை மற்ற இடங்கள் வாசலிலேயே நிறுத்தியபோது, இந்த ஆஸ்பத்திரி அவர்களை உள்ளே அழைத்துக்கொண்டது.

ஃபாக்ஸ் 2010-ல் மறைந்தார். அவரை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டாகிறது. கதையில் யார் பிழைப்பது, யார் சாவது என்று முதல் அத்தியாயத்திலேயே எனக்குத் தெரியும். வேண்டியவர்களைப் பிழைக்க வைப்பேன். அவரோ தமக்கு விடை தெரியாது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, சீட்டை எடுத்து, மருந்தை எண்ணி, ஐந்து வருஷம், பத்து வருஷம் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பின் பலனாக, பெயர் தெரியாத எத்தனையோ தாய்மார்கள் சானடோரியத்துக்குப் போகாமல், அடுப்படி மாடத்தில் மருந்துப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே குணமடைந்தார்கள்.