கிற்றாரின் குடமும் மலைநாட்டின் அரங்கும்

இசைக்கருவிகளின் வரலாற்றை ஆராய்வோர் அவற்றின் தோற்றம், சுருதி, வாசிப்பு முறை என்பவற்றையே பெரிதும் கவனிப்பர். ஒரு கருவியின் பருமன் ஏன் அவ்வாறு அமைந்தது என்னும் வினா அத்துணைக் கவனம் பெறுவதில்லை. ஆயினும் அவ்வினா மலைநாட்டில் நடைமுறைத் தேவையொன்றைத் தொட்டு நிற்கின்றது. நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பகுதிகளில் ஒரு பாடசாலையோ இளைஞர் மன்றமோ தேவாலயப் பாடகர் குழுவோ கிற்றார் ஒன்றை வாங்க முற்படின், பெரும்பாலும் ஒன்றையே வாங்க இயலும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்தது 2021 ஆம் ஆண்டிலேயே என்பதை நினைவுகூர்ந்தால், அவ்வருவாயிலிருந்து சேரும் நிதியில் இரண்டாவது கருவிக்கு இடமில்லை என்பது புலனாகும். அந்த ஒரு கருவி பாட்டுக்குத் துணையாகவும், தனித்து வாசிக்கவும், மாணவர் பயிலவும் உதவ வேண்டும். எவ்வளவினதான குடம் இவை யாவற்றுக்கும் பொருந்தும்? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை நோக்குவோம்.

மலைநாட்டுக்குப் பழக்கமான கருவியிலிருந்தே தொடங்கலாம். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைப் பயிரிட்ட காலத்துக்கு முன்பே, கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் தம்முடன் தப்பையும் கொண்டுவந்தனர். வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, தீயிற் காய்ச்சி விறைப்பேற்றி, இரு குச்சிகளால் அடிக்கப்படும் இக்கருவி விடியலிற் பெரட்டுக்கு ஆட்களை அழைத்தது; திருவிழாவிலும் காமன் கூத்திலும் இறப்பு வீட்டிலும் வெவ்வேறு அடிகளில் முழங்கியது. சி. வி. வேலுப்பிள்ளையின் தேயிலைத் தோட்டம் பற்றிய ஆங்கிலக் கவிதையிலும் விடியற்காலத்து முரசொலி கேட்கின்றது. மலைச்சரிவைத் தாண்டி ஒலிக்கவேண்டிய தப்பு அகன்ற முகத்தைப் பெற்றது. பாடுவோன் கையிலிருந்து அவன் குரலோடு மட்டும் இயையவேண்டிய உடுக்கோ சிறிய உருவத்தோடு நின்றுவிட்டது. கேட்போர் நிற்கும் தூரமே கருவியின் அளவைப் பெரிதும் வகுக்கின்றது என்னும் நியதியை இவ்விரண்டும் காட்டுகின்றன.

கிற்றாரின் வரலாறும் இந்நியதிக்குப் புறம்பானதன்று. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய வீடுகளில் ஒலித்த கிற்றார்கள் சிறியவை. குடல் நரம்பு பூட்டப்பட்டவை. வீட்டுக் கூடத்துக்குப் போதுமானவை. ஸ்பானிய நாட்டு அந்தோனியோ டி ரொறெஸ் (1817-1892) குடத்தை அகலப்படுத்தி, மேற்பலகையை மெலிதாக்கி, அதன் உட்புறத்தில் விசிறிபோற் சட்டங்களை அமைத்தார். ஒலியின் உயிர்நிலை மேற்பலகையே என்பதைக் காட்டுவதற்காக 1862 இல் பக்கங்களையும் முதுகையும் கடதாசி அட்டையினாற் செய்த கிற்றார் ஒன்றையும் அவர் ஆக்கினார். பருமன் மட்டுமே ஒலியைத் தருவதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சாக்சனியிலிருந்து 1833 இல் நியூயோர்க் சென்று, பின்னர் பென்சில்வேனியாவின் நசரேத் என்னும் ஊரிற் குடியேறிய மார்ட்டின் குடும்பத்தினர் தம் கருவிகளுக்கு எண்களால் அளவு குறித்தனர். எண் குறையக் குறையக் குடம் பெருகும். ஒன்றுக்கு மேற்பட்ட பருமனுக்குச் சுழியங்கள் சேர்ந்தன. மூன்று சுழியம் என்னும் அளவு 1902 இல் தோன்றியது. 1916 இல் பொஸ்ரனைச் சேர்ந்த டிற்சன் நிறுவனத்துக்காக அதனிலும் பெரிய குடமொன்று செய்யப்பட்டது. 1906 இல் மிதக்கவிடப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரால் அது டிரெட்நோட் எனப்பட்டது. 1931 முதல் மார்ட்டின் பெயரிலேயே வெளிவந்தது. கிப்சன் நிறுவனம் 1937 இல் சுமார் 17 அங்குல அகலமுள்ள குடத்தைச் செய்தது. பெரிய மண்டபங்களும், உரத்து ஒலிக்கும் பான்ஜோவும் வயலினும் நிறைந்த குழுக்களும் கிற்றாரிடம் கூடிய ஒலியை வேண்டியமையே இவ்வளர்ச்சிக்குக் காரணமாகும்.

இதற்கிடையில் 1929 இல் பெரி பெக்டெல் என்னும் பான்ஜோ வாசிப்பாளரின் வேண்டுகோளால் வேறொரு கருவி உருவானது. மூன்று சுழியக் குடத்தின் மேற்பகுதியைக் குறுக்கி, 12 ஆம் மெட்டுக்குப் பதிலாக 14 ஆம் மெட்டிலே தண்டு குடத்தோடு சேருமாறு அமைத்தனர். ஓர்க்கெஸ்ட்ரா மொடல் எனப் பெயர்பெற்ற இக்கருவியில் மேல்மெட்டுக்களை இடக்கை எளிதாக எட்டியது. இதன் குடம் அகன்ற இடத்தில் 15 அங்குலம். டிரெட்நோட் 15⅝ அங்குலம். ஆழத்தில் முன்னது சுமார் 4⅛ அங்குலம். பின்னது 4⅞ அங்குலம். எண்ணிற் சிறிதாய்த் தோன்றும் இவ்வேறுபாடு கையிலும் காதிலும் பெரிதாகவே உணரப்படும்.

இலங்கையில் தந்திக்கருவிகளோடு கூடிய மேலை இசை போர்த்துக்கேயர் வழியே வேரூன்றிப் பைலாவாக வளர்ந்தது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் தமிழ்ப் பொப் பாடல்கள் கிற்றாரை இளைஞருக்கு நெருக்கமாக்கின. அக்காலத்திலேயே மலைநாட்டு ஹப்புத்தளையிற் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்கள மெல்லிசையில் மின் கிற்றாரைப் பரப்பினார். மின் கிற்றாருக்குக் குடம் வெறுமையாய் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் வந்தபின், குடத்தைப் பெருக்கிய பழைய காரணம் தன் வலுவை இழந்தது.

இப்பின்னணியில் நம் வினாவுக்கு விடை காண்பது கடினமன்று. லயத்து அறையின் பரப்பு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அங்கே பாடிப் பழகுவோனுக்கு டிரெட்நோட்டின் கனத்த கீழ்ச்சுருதி குரலை மூடிவிடும். ஒலிவாங்கியின் அருகில் அது மேலும் முழங்கும். 12, 13 வயது மாணவரின் வலக்கை அதன் ஆழத்தைக் கடந்து தந்தியை அடைவதும் சிரமம். மாறாக, மிகச் சிறிய குடம் விரலால் மீட்டும்போது இனிமை தரினும் பலர் சேர்ந்து பாடுமிடத்து அடங்கிப்போகும். நடுத்தரமான 15 அங்குலக் குடம் கீழ்த்தந்தியையும் மேற்றந்தியையும் ஏறக்குறைய ஒரே நிறையில் ஒலிக்கச் செய்வதால், விரல் மீட்டலுக்கும் தாளத் துணைக்கும் ஒருங்கே உதவுகின்றது. 14 மெட்டுத் தண்டு திரைப்பாடல்களின் மெட்டை மேல்தானத்தில் வாசிக்க இடமளிக்கின்றது. தென்மேல் பருவமழையின் ஈரத்தில் மேற்பலகை புடைத்துத் தந்தி உயர்வது இப்பகுதியில் எதிர்பார்க்கவேண்டியதே. எனவே எவ்வளவைத் தேர்ந்தாலும் கருவியை உறையிலிட்டு அடுப்பங்கரைக்கும் ஈரச்சுவருக்கும் அப்பால் வைத்தல் வேண்டும்.

ஒலிபெருக்கியின்றித் திறந்த வெளியில் வன்மையாக வாசிக்கும் குழுவுக்கு டிரெட்நோட்டே சிறந்தது, இதனை மறுப்பதற்கில்லை. பல பணிக்கும் உதவும் கருவி எதிலும் முதன்மை பெறாது. எப்பணிக்கும் தடையாய் நில்லாது. ஒரே கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சமூகத்துக்கு வேண்டியது அதுவே. ஆகவே நோர்வூட்டின் பாடசாலையோ மன்றமோ கடையில் மிகப் பெரியதை நாடாது, மூன்று சுழியம் அல்லது ஓர்க்கெஸ்ட்ரா மொடல் அளவினதைத் தேடுதல் தகும் என்பதே இவ்வரலாறு தரும் முடிபாகும்.