பேர் எழுதித் தரும் சங்கு

திருச்செந்தூரில் உச்சிக்கால பூசை முடிந்த மணியோசை கேட்ட பிறகுதான் பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் சாப்பிட உட்காருவார் என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அவ்வளவு தூரம் ஓசை எப்படிக் கேட்கும் என்று கேட்டால், வழிநெடுக மண்டபம் கட்டி மணி தொங்கவிட்டு, ஒன்றைக் கேட்டு அடுத்ததை அடிக்கச் செய்தார் என்று பதில் வரும். அந்தக் கோட்டையை 1801இல் கும்பினிப் படை இடித்துத் தரைமட்டமாக்கியது. இப்போது அங்கே நிற்பது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை. மணி ஓய்ந்தாலும் செந்தூருக்குப் போகிற கூட்டம் ஓயவில்லை. திரும்பி வருகிறவர்கள் பையைத் திறந்தால் இலை விபூதி இருக்கும், ஓலைப்பெட்டியில் சில்லுக் கருப்பட்டி இருக்கும், கூடவே சங்குக் கடையில் வாங்கிய ஏதோ ஒன்றும் இருக்கும்.

அந்த ‘ஏதோ ஒன்று’ என்னவென்று கடைக்குள் போகும்வரை வாங்குகிறவருக்கே தெரியாது. சோழி பதித்த முகம் பார்க்கும் கண்ணாடி, வாசலில் சலசலக்கும் சிப்பித் திரை, கிளிஞ்சல்களை ஒட்டிச் செய்த பிள்ளையார், உள்ளே பல்பு எரியும் சங்கு விளக்கு, விரல்களை விரித்த மாதிரி முள் நீட்டிக்கொண்டிருக்கும் ஐவிரல் சங்கு. சில பொருள்கள் அழகு, சில கண்றாவி. ஆனால் எதையும் எடுத்துப் பார்க்காமல் நகர முடியாது.

“அண்ணாச்சி, இதுல பேர் எழுதுவீங்களா?”

“எழுதலாம் தாயி, பிள்ளை பேரைச் சொல்லுங்க.”

இப்படி ஒற்றை ஒற்றையாக விலை பேசப்படுகிற சங்கு, நூறு வருசத்துக்கு முன்னால் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிய அரசாங்கச் சரக்கு. முத்துக்குளித்துறை என்று பேர் வாங்கிய இந்தக் கரைக்குச் சங்குக்குளியும் சோறு போட்டது. சொல்லப்போனால் முத்தைவிடச் சங்கை நம்பலாம். முத்துச்சிப்பி சில ஆண்டுகள் கடலடிப் பாரில் குவிந்து கிடக்கும், பிறகு பல ஆண்டுகள் காணாமலே போய்விடும். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். சங்கு அப்படிக் கைவிடாது. மணலில் அது ஊர்ந்த தடத்தைப் பார்த்துப் போனால் ஆள் சிக்கும்.

தொழில் எவ்வளவு பழையது என்பதற்குக் கொற்கை சாட்சி. பாண்டியரின் அந்தத் துறைமுகம் தாமிரபரணி கொட்டிய வண்டலால் இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. மீன்வளத் துறை அறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல் அங்கே வாள் பட்ட அடையாளத்தோடு சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்தார். வளையல் அறுத்த மிச்சம் அது. இந்தியச் சங்கைப் பற்றி அவர் 1914இல் வெளியிட்ட நூலுக்கு நிகராக இன்னொன்று இன்றுவரை வந்ததாகத் தெரியவில்லை.

தூத்துக்குடியை ஆண்டவர்கள் யாரும் சங்கை விட்டுவைக்கவில்லை. 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து ஊரைப் பறித்த டச்சுக்காரர்களும், 1825இல் கடைசியாக அதைக் கைக்கொண்ட ஆங்கிலேயரும் சங்குக்குளியைத் தங்கள் உரிமையாகவே வைத்திருந்தார்கள். பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மூச்சடக்கி எடுத்து வந்த சங்கைக் கரையில் அளந்து பார்த்தார்கள். அளவுகோல் வட்ட ஓட்டை போட்ட பலகை. ஓட்டை வழியாக விழுகிற சின்னச் சங்கு திரும்பக் கடலுக்குப் போகும். கடலில் நாளைக்கும் சங்கு வேண்டும் என்ற கணக்கு அன்றைக்கே இருந்தது.

சரக்கு போன இடம் வங்காளம். அங்கே கல்யாணமான இந்துப் பெண்ணின் கையில் வெள்ளைச் சங்கு வளையல் கிடந்தாக வேண்டும்; நம் ஊர்த் தாலிக்கு உள்ள மரியாதை அதற்கு உண்டு. டாக்காவின் சாங்காரி பஜாரில் கைவினைஞர்கள் சங்கைக் காலால் இடுக்கிக்கொண்டு, பிறை வடிவக் கனத்த வாளால் வளையம் வளையமாக அறுத்தார்கள். தூத்துக்குடிக் கடலடியில் ஊர்ந்த பூச்சியின் ஓடு, கங்கைக்கரை மணமகளின் கையில் ஏறியது.

தமிழ் வீட்டிலும் சங்குக்கு வேலை குறையவில்லை. பிள்ளைக்குப் பால் புகட்டியது சங்கில்தான். இன்றைக்கு வெள்ளியிலும் எவர்சில்வரிலும் செய்த பிறகும் அதன் பெயர் சங்கு. முகப்பருவுக்கு உரசிப் பூசியதும் அதுவே. கடைசியில் ஊதியதும் அதுவே.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் வலம்புரி மட்டும் வேறு ரகம். சாதாரணச் சங்கின் சுருள் நுனியை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், வாய் வலப்பக்கம் இருக்கும். வலம்புரியில் அது இடப்பக்கம். அதனால் விலங்கியல்காரர்கள் வலம்புரியை ‘இடச்சுருள்’ என்கிறார்கள். நம்மவர்கள் சுருள் நுனியைக் கீழே வைத்துப் பார்த்தார்கள்; இடம் வலமாயிற்று. யார் சொல்வது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை, சங்கைத் தலைகீழாகத் திருப்பினால் போதும்.

இயற்கை எப்போதோ ஒன்று பிறழ்ந்து படைப்பதால்தான் அதற்கு அந்த விலை. விலை இருந்தால் போலியும் இருக்கும். அமெரிக்காவின் புளோரிடாக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் ஒரு சங்கினம் இருக்கிறது. அதற்குப் பிறவியிலேயே இடப்பக்க வாய். அங்கே அது அபூர்வமே இல்லை. அதுதான் மஞ்சள் குங்குமம் பூசிக்கொண்டு இந்தியச் சந்தையில் வலம்புரியாக உலாவுகிறது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நம் சங்கின் வாய்க்குள் விரலை விட்டால், நடுத்தண்டில் மூன்று நான்கு வரப்புகள் அடுத்தடுத்துத் தடிப்பாகத் தட்டுப்படும். அமெரிக்கச் சங்கில் அந்த வரிசை கிடையாது. விரலை விட விடாமல் கடைக்காரர் தடுத்தால் அப்போதே விடை தெரிந்துவிடும்.

இந்த வியாபாரத்துக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. மன்னார் வளைகுடாவின் தீவுகளும் சுற்றுக்கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் கடல்குதிரை, பவளம், நாட்டிலஸ், பல சங்கு சிப்பி இனங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தன. அதற்கு முன்பு கூடத்தில் காட்சிக்கு வைத்த பெரிய வெள்ளைப் பவளக்கொத்து, இன்று கையில் இருந்தால் வழக்கு. பால்சங்கும் அதில் எழுதிய பிள்ளையின் பெயரும் யாருக்கும் கெடுதல் செய்யாது, தாராளமாக வாங்கலாம். பவளத் துண்டையும் காய்ந்த கடல்குதிரையையும் மட்டும் யார் ரகசியமாக எடுத்துக் காட்டினாலும் வாங்காதீர்கள்.