வீட்டோடு மாப்பிள்ளைக்கு அனுமதி இல்லை

சியோலில் கருத்தரங்கு முடிந்து, ஊர் திரும்ப ஒரு பகல் மிச்சமிருந்தது. விடுதி வரவேற்பில் சுற்றுலா அட்டைகளை நீட்டினார்கள். அரண்மனை, மலை, சந்தை, எல்லை. நான் எல்லையை எடுத்தேன். லட்சக்கணக்கானவர்களைத் தின்ற ஒரு போரின் தழும்பை மதியச் சாப்பாட்டோடு சேர்த்துக் காட்டுகிறார்களே என்ற கூச்சம், பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் போகவில்லை.

சியோலிலிருந்து எல்லை சுமார் 50 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற தூரம்கூட இல்லை. இம்ஜின் ஆற்றுப் பாலத்தில் ஒரு ராணுவச் சிப்பாய் ஏறி, கடவுச்சீட்டுகளைப் புரட்டி முகங்களோடு ஒத்துப் பார்த்தான். என் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்காரும் பையனின் வயதுதான் இருக்கும். அவன் இறங்கியதும் வழிகாட்டிப் பெண் ஒலிவாங்கியை எடுத்து எண்களைச் சொல்லத் தொடங்கினார். கோட்டின் நீளம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். அதன் இருபுறமும் இரண்டிரண்டு கிலோமீட்டர் ராணுவம் நுழையக் கூடாத பட்டை. அந்தப் பட்டைக்கு வெளியேதான் உலகிலேயே அதிக ராணுவம் குவிந்திருக்கிறது. சங்க இலக்கியம் படித்தவளுக்கு, கோட்டையைச் சுற்றி மனிதர் நுழையாமல் வளர்த்த மிளை என்னும் காவற்காடு நினைவுக்கு வராமல் இருக்காது. இங்கே மரங்களுக்கு அடியில் கண்ணிவெடிகள்.

முதல் கோடு 38ஆவது இணைகோடு. 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடையும் தறுவாயில், வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க அதிகாரிகள் ஒரு பத்திரிகை வரைபடத்தை வைத்துக்கொண்டு அரைமணி நேரத்தில் தேர்ந்தெடுத்தது. கொரியர் ஒருவரையும் கேட்கவில்லை. 1950இல் போர் வெடித்தது. 1953 ஜூலை 27இல் பான்முன்ஜோமில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. இதையெல்லாம் வழிகாட்டி நன்றாகவே சொன்னார். 1978இல் கண்டுபிடிக்கப்பட்ட மூன்றாவது சுரங்கத்துக்குள் தலைக்கவசத்தோடு எங்களை இறக்கினார்கள். மணிக்கு முப்பதாயிரம் வீரர்கள் வரலாமாம். 73 மீட்டர் ஆழத்தில் குனிந்து நடந்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

டோரா மலைக் காட்சிமேடையில்தான் நான் நின்றுவிட்டேன். தொலைநோக்கியில் கேசோங் நகரம் தெரிகிறது. பழைய 38ஆவது இணைகோட்டின்படி கேசோங் தெற்கில் இருந்த ஊர். போர் முடிந்து புதிய கோடு விழுந்தபோது அது வடக்கில் இருந்தது. வீட்டைவிட்டு நகராத கிழவிகள்கூட வேறொரு நாட்டின் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். அந்த ஊரை ஒட்டிய கேபுங்கில் 1931இல் பிறந்தவர் பாக் வான்சோ. போரில் அண்ணனை இழந்தவர். அமெரிக்க ராணுவக் கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர். ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, நாற்பதை நெருங்கும்போது 1970இல் முதல் நாவல் எழுதியவர். நாற்பதுக்குப் பிறகு என்ன எழுதிக் கிழிக்கப்போகிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டும் பெயர் அது. 2011இல் இறந்தார். காட்சிமேடை விளக்கப் பலகைகளில் அவர் பெயரைத் தேடினேன். தளபதிகள் இருந்தார்கள்.

மேடையிலிருந்து பார்த்தால் இரண்டு கொடிக்கம்பங்கள். தெற்கின் கம்பம் சுமார் 100 மீட்டர், வடக்கின் கம்பம் 160. இந்த ஆண்பிள்ளைப் போட்டியைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. தெற்குக் கம்பத்தின் அடியில் இருக்கும் ஊர்தான் விஷயம். தேசோங்டோங். ராணுவம் நுழையக் கூடாத பட்டைக்குள் தெற்கு வைத்திருக்கும் ஒரே கிராமம். இருநூறு பேருக்கும் குறைவாகவே வாழ்கிறார்கள். நல்ல வயல், வரி இல்லை, ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையும் இல்லை. பதிலுக்கு ஆண்டில் 240 இரவாவது ஊரில் தங்க வேண்டும். இரவில் ஊரடங்கு. வீடுவீடாக வந்து ஆள் எண்ணுவார்கள்.

“இந்த ஊர்ப் பையன்களுக்கு நல்ல கிராக்கி,” என்றார் வழிகாட்டி. “வெளியூர்ப் பெண் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வரலாம். ஆனால் இந்த ஊர்ப் பெண் வெளியூர்க்காரரைக் கட்டினால் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

காரணம் சொல்கிறார்கள்: ராணுவச் சேவையிலிருந்து தப்ப ஆண்கள் மாப்பிள்ளையாக நுழைந்துவிடுவார்களாம். உண்மையாகவே இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது என்று ஒரு வரி எழுதினால் போதுமே. எழுதத் தோன்றவில்லை. ஆண் செய்யக்கூடிய ஏமாற்றுக்குத் தண்டனையாகப் பெண் பிறந்த மண்ணை விடுகிறாள். ஊரை நிர்வகிப்பது ஐக்கிய நாடுகள் கட்டளையகம். உலகத்தின் பெயரால் நடக்கும் நிர்வாகமும் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நம்மூர்ப் பெரியப்பா போல முகம் சுளிக்கிறது. ஏளனம் செய்ய எனக்கும் அவ்வளவு உரிமை இல்லை. கல்யாணமான இரண்டாம் மாதம் அப்பாவின் குடும்ப அட்டையிலிருந்து என் பெயரை நீக்கச் சான்று வாங்க வரிசையில் நின்றவள் நான். அன்று அதை எல்லை என்று நினைக்கவில்லை, அலுவலக வேலை என்று நினைத்தேன்.

திரும்பும் வழி பாஜு மாவட்டம். புதிய அடுக்குமாடிகள், பேரங்காடிகள். பேருந்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், வழிகாட்டியும் பேச்சை நிறுத்திவிட்டார். அமெரிக்கப் படைமுகாம்களைச் சுற்றி முளைத்த முகாம் ஊர்கள் இந்தப் பகுதியில்தான் இருந்தன. போரில் ஆதரவிழந்த பெண்களும் வறுமையில் வந்த பெண்களும் அங்கே சிப்பாய்களுக்காக வைக்கப்பட்டிருந்தார்கள். 1970களில், அமெரிக்கப் படை போய்விடுமோ என்ற அச்சத்தில் கொரிய அரசே இதை ஒழுங்குபடுத்தியது. அதிகாரிகள் பெண்களைக் கூட்டி, டாலர் ஈட்டித் தரும் தேசபக்தர்கள் என்று பாராட்டினார்கள். பால்வினை நோய்ப் பரிசோதனையில் தேறாதவர்களைச் சிறைபோன்ற மருத்துவமனைகளில் அடைத்தார்கள். கம்பிகளைப் பிடித்து நின்ற பெண்களை வைத்து, அப்படிப்பட்ட ஓரிடத்துக்குக் ‘குரங்கு வீடு’ என்றே பெயர் வந்தது. நமக்கு இது புதிதில்லை. பிரிட்டிஷ் சிப்பாய்களின் உடல்நலத்துக்காகப் பெண்களைப் பூட்டி வைத்த ‘லாக் ஆஸ்பத்திரி’ சென்னப்பட்டணத்திலும் இருந்தது.

2014இல் 122 பெண்கள் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். பலருக்கு எழுபது வயதைத் தாண்டியிருந்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அரசு இதை ஊக்குவித்தது சட்டவிரோதம் என்றும் இழப்பீடு தர வேண்டும் என்றும் உறுதிசெய்தது. தீர்ப்பைக் கேட்க அத்தனை பேரும் உயிரோடு இல்லை. வழிகாட்டி சொன்ன எண்களில் இந்த 122 இல்லை.

சியோல் நெருங்கும்போது முன்னிருக்கைக்குப் போய் வழிகாட்டியிடம் முகாம் ஊர்களைப் பற்றிக் கேட்டேன். ஒலிவாங்கி அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். “எழுதிக்கொடுத்ததில் அது இல்லை,” என்றார். பிறகு, “என் அம்மா பாஜுக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் எந்த ஊர் என்று வெளியே சொல்லமாட்டார். சொன்னால் சம்பந்தம் நின்றுபோகும்,” என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இறங்கும் இடம் வந்ததும் அவர் எழுந்து இருக்கை இருக்கையாக விரல் நீட்டி எங்களை எண்ணினார். நாற்பத்திரண்டு. கணக்கு சரியாக இருந்தது.