காணி உறுதியும் தேயிலை மானியமும்

கலஹாவிலிருந்து தெல்தோட்டைப் பக்கமாக ஏறினால், மலைகளுக்கிடையே லூல்கந்துர என்னும் தோட்டத்தை அடையலாம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடம் அது. பாடநூல்கள் அவர் பெயரைக் கூறும்; காட்டை வெட்டிக் குழி தோண்டிய கைகளுக்குப் பெயர் இல்லை. இந்தப் புறக்கணிப்பு பாடநூலோடு நின்றுவிடவில்லை. அரசாங்கம் பயிர்ச்செய்கைக்கு அளித்துவந்த மானியங்களின் வரலாற்றிலும் அது தொடர்கிறது.

1958ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், வயலை உழுத குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புத் தேட முயன்றது. அதே ஆண்டில் தேயிலை மானியச் சட்டமும் நிறைவேறியது. முதுமையடைந்த விதைத் தேயிலையைப் பிடுங்கி, மண் தேறுவதற்குக் குவாத்தமாலாப் புல் வளர்த்து, பின்னர் தண்டிலிருந்து வளர்த்த உயர்விளைவுக் கன்றுகளை நடுவது மீள்நடுகை எனப்படும். ஆண்டுக்கணக்கில் வருமானம் தராத வேலை அது. ஆகவே, அதனைச் செய்யும் காணிச் சொந்தக்காரருக்கு அரசு உதவியது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் தேயிலைமீது விதித்த செஸ் வரியிலிருந்து வந்தது. அத்தேயிலையை விளைவித்தவர் யார்? மழையிலும் பனியிலும் கொழுந்தெடுத்த தொழிலாளர். ஆனால் மானியம் காணி உறுதியைத் தேடிச் சென்றது. லயத்து அறைக்கோ உறுதி இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள், சட்டமன்றத்தில் தமக்காகக் கேட்கவும் வழியற்றிருந்தனர்.

“மானியம் செடிக்கே, செடி செழித்தால் தொழிலாளியும் வாழ்வான்” என்று வாதிப்போர் உண்டு. செடி செழித்தது உண்மையே. ஆயினும் செழித்த செடியின் பயனைப் பங்கிடும் உரிமை எவரிடம் இருந்தது என்பதே கேள்வி.

இதனைக் கிராமத்து விவசாயிக்கு எதிரான வழக்காக எவரும் திரிக்க வேண்டாம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டிச் சிங்கள விவசாயியின் காட்டையும் சேனையையும் பறித்தது. தோட்டத்து லயமும் அடிவாரத்துக் கிராமமும் ஒரே சுரண்டலின் இரு முகங்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. எசமானர் மாறினர், தொழிலாளியின் கையில் உறுதி ஏறவில்லை.

உறுதியும் மானியமும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1975ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த தேயிலைச் சிறுபற்றுநில அபிவிருத்தி அதிகாரசபை, சிற்றுடைமையாளருக்குக் கன்றும் மானியமும் ஆலோசனையும் அளித்தது. இன்று நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவர்கள் விளைவிப்பதே. பெருந்தோட்டம் இன்றேல் தேயிலை இல்லை என்ற பழைய கூற்றுக்கு அவர்களின் கொழுந்துக் கூடைகளே மறுப்பு.

2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், தோட்டத் தொழிலாளியின் நாளொன்றின் வரவுக்கு அரசு 200 ரூபா ஊக்கத்தொகை வழங்க முன்மொழிந்தது. பொதுப்பணம் தொழிலாளியின் பெயரை நோக்கித் திரும்பியது வரவேற்கத்தக்கது. எனினும் வேலைக்கு வராத நாளில் மறையும் தொகை அது. மண்ணின்மேல் உரிமை தருவதன்று. நட்டவரின் பெயரில் நிலம் எழுதப்படும் நாளில்தான் மானியம் உரிய இடத்தைச் சேரும். அதுவரை அது உழைப்பவரைக் கடந்து உடைமையாளரிடமே செல்லும்.