ஒன்று பகா எண்ணா? ஒரு வரையறையின் வரலாறும் பள்ளிக் கணிதமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒன்று என்னும் எண் பகா எண்ணும் அன்று, பகு எண்ணும் அன்று என்பது பள்ளிக் கணிதத்தில் மாணவர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தியாக இடம்பெறுகிறது. இது கண்டறியப்பட்ட உண்மை அன்று. கணித அறிஞர்கள் காலப்போக்கில் செய்துகொண்ட ஓர் உடன்பாடு. யூக்ளிட் முதல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஒன்றின் இடம் எவ்வாறு மாறி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அம்மாற்றத்திற்கு முடிவு கட்டியது காரணிப்படுத்தலின் ஒருமைத்தன்மை பற்றிய தெளிவே என நிறுவ முயல்கிறது. வரையறையும் அதன் காரணமும் பாடத்திட்டத்தில் பிரிந்து நிற்பதால் விளையும் இடர்ப்பாட்டையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பகா எண், காரணிப்படுத்தல், ஒருமைத்தன்மை, அலகு, யூக்ளிட், காஸ், பள்ளிக் கணிதம்.

முன்னுரை

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பகா எண், பகு எண் ஆகிய கருத்துகள் ஆறாம் வகுப்பில் அறிமுகமாகின்றன. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத, ஒன்றைவிடப் பெரிய இயல் எண் பகா எண் எனப்படுகிறது. எரடோஸ்தனிஸ் சல்லடை, காரணிச் செடி, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு ஆகியன அதனைத் தொடர்கின்றன. இவ்வரிசையில் ஒன்று மட்டும் எவ்வகையிலும் சேராமல் தனித்து விடப்படுகிறது.

ஒன்றையும் பகுக்க இயலாதே, அது ஏன் பகா எண் ஆகாது என்னும் வினா மாணவரிடம் இயல்பாக எழக்கூடியது. பகா எண்ணுக்கு இரண்டு காரணிகள் இருத்தல் வேண்டும், ஒன்றுக்கு ஒரு காரணியே உண்டு என்பது வழக்கமான விடை. இவ்விடை வரையறையைத் திரும்பக் கூறுகிறதேயன்றி, வரையறை ஏன் அவ்வாறு அமைந்தது என்பதைக் கூறவில்லை. அக்காரணம் வரலாற்றில் உள்ளது.

சொல்லும் கருத்தும்

தமிழ்நாட்டில் பகா எண் என வழங்குவது இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் முதன்மை எண் என வழங்குகிறது. இரு சொற்களும் ஒரே பொருளைக் குறிப்பினும் நோக்கில் வேறுபடுகின்றன. முதன்மை என்பது பிற எண்கள் தோன்றுவதற்கு முதலாக நிற்றலைச் சுட்டுகிறது; கிரேக்கச் சொல்லின் பொருளும் இதுவே. பகா என்பதோ பிளவுறாமையைச் சுட்டுகிறது.

பகு, பகா என்னும் இணை தமிழிலக்கணம் கற்றோர்க்குப் புதிதன்று. நன்னூல் பதவியல் பதங்களைப் பகாப்பதம், பகுபதம் என இரண்டாக்குகிறது. பிரித்தால் பொருள் தராதது பகாப்பதம். பகுதி, விகுதி முதலிய உறுப்புகளாகப் பிரியக்கூடியது பகுபதம். ஆயினும் சொல்லைப் பிரிப்பதற்கும் எண்ணைப் பிரிப்பதற்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தாமரை என்னும் சொல் பிரியாது நின்று மலரைக் குறிக்கிறது. தா, மரை எனப் பிரிந்து தாவும் மானையும் குறிக்கிறது. இத்தகைய சொற்களுக்கு இலக்கணிகள் பொதுமொழி எனப் பெயரிட்டனர். ஆகவே சொல்லுலகில் ஒரு வடிவம் ஒரு வழியில் மட்டுமே பிரியும் என்னும் உறுதி இல்லை. எண்ணுலகில் அவ்வுறுதி உண்டு. 60 என்னும் எண்ணை எவ்வாறு பிரிக்கத் தொடங்கினாலும் இறுதியில் 2, 2, 3, 5 என்னும் பகா எண்களே எஞ்சும். இதுவே காரணிப்படுத்தலின் ஒருமைத்தன்மை. எண்ணுலகின் இவ்வுறுதி தானாக விளங்குவது அன்று, நிறுவப்பட வேண்டியது. ஒன்றின் இடம் குறித்த வரலாறு இதனோடு பிணைந்துள்ளது.

கிரேக்க மரபில் ஒன்று

கி.மு. 300 அளவில் தொகுக்கப்பட்ட யூக்ளிடின் 'மூலங்கள்' நூலின் ஏழாம் பகுதி அலகு, எண் ஆகியவற்றின் வரையறைகளோடு தொடங்குகிறது. அலகுகள் பல சேர்ந்த தொகையே எண் என்பது அவரது நிலை. எனவே ஒன்று எண்களை அளக்கும் அளவுகோலேயன்றித் தானே ஓர் எண் அன்று. அரிஸ்டாட்டிலும் இக்கருத்தினரே. ஒன்று எண்ணே அன்று எனும்போது அது பகா எண்ணா என்னும் வினாவுக்கே இடமில்லை.

இரண்டும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. கி.பி. 100 அளவில் வாழ்ந்த நிக்கோமேக்கஸ் பகா எண்களை ஒற்றை எண்களின் உட்பிரிவாகவே வகுத்தார். அதனால் இரட்டை எண்ணாகிய 2 அவரது வகைப்பாட்டில் பகா எண் ஆகவில்லை. போயீத்தியஸ் வழியாக இம்மரபு இடைக்கால ஐரோப்பியக் கல்வியில் நெடுங்காலம் நிலைத்தது. பகா எண்களின் பட்டியல் எங்கிருந்து தொடங்குகிறது என்பதே காலத்திற்கும் நோக்கத்திற்கும் ஏற்ப மாறியுள்ளது என்பதை இது காட்டுகிறது.

யூக்ளிட் நிறுவிய இரு கூற்றுகள் இங்குக் கருதத்தக்கவை. ஏழாம் பகுதியின் 31ஆம் கூற்று, எந்தப் பகு எண்ணையும் ஏதேனும் ஒரு பகா எண் வகுக்கும் என்கிறது. 30ஆம் கூற்று, இரு எண்களின் பெருக்கற்பலனை ஒரு பகா எண் வகுத்தால் அவ்விரண்டில் ஒன்றையேனும் அது வகுக்கும் என்கிறது. முன்னது, பிரித்தல் இயலும் என்பதற்கு அடிப்படை. பின்னது, அப்பிரிப்பு ஒரு வகையிலேயே அமையும் என்பதற்கு அடிப்படை. எனினும் ஒருமைத்தன்மையை முழுமையான பொதுத் தேற்றமாக யூக்ளிட் கூறவில்லை.

காரணி காணும் மரபுகள்

காரணிகளைக் கண்டறிதல் கிரேக்கத்திற்கு மட்டும் உரியதன்று. பாரசீகத்தைச் சேர்ந்த கமால் அல்தீன் அல்ஃபாரிசி 1300ஐ ஒட்டிய ஆண்டுகளில் நட்பெண்களை ஆராய்ந்தார். 220இன், தன்னை நீக்கிய காரணிகளின் கூடுதல் 284. 284இன் அத்தகைய கூடுதல் 220. இத்தகைய இணைகளை உறுதிசெய்ய ஓர் எண்ணின் எல்லாக் காரணிகளும் விடுபடாமல் கிடைக்க வேண்டும். அதற்காகவே எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பதை அவர் முறைப்படி ஆராய்ந்தார்.

நாராயண பண்டிதர் 1356இல் இயற்றிய 'கணித கௌமுதி' காரணி காண்பதற்கு ஒரு வழி கூறுகிறது. தரப்பட்ட எண்ணோடு ஒரு வர்க்க எண்ணைக் கூட்டினால் மற்றொரு வர்க்க எண் கிடைக்குமாறு தேடுவதே அது. எடுத்துக்காட்டாக, 1073ஓடு 16ஐக் கூட்டினால் 1089 கிடைக்கிறது; இது 33இன் வர்க்கம். 16 என்பது 4இன் வர்க்கம். எனவே 33இலிருந்து 4ஐக் கழித்தும் கூட்டியும் பெறும் 29, 37 ஆகியன 1073இன் காரணிகள். பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா இதையொத்த வழியில் 2027651281 என்னும் எண்ணை 44021 × 46061 எனப் பிரித்தார். இப்பணிகளில் காரணி காண்பதே நோக்கம். ஒன்றைப் பகா எண்ணாகக் கொள்வதா தள்ளுவதா என்பதால் கணிப்பில் மாற்றம் ஏதும் நேரவில்லை.

ஒன்று எண்ணாதல்

1585இல் சைமன் ஸ்டீவின் தமது எண்கணித நூலில், ஒன்றும் எண்ணே என வாதிட்டார். முழுமையின் தன்மை அதன் பகுதிக்கும் உண்டு. ஒன்று எண்ணின் பகுதியாதலால் அதுவும் எண்ணே என்பது அவரது வாதம். இக்கருத்து பரவியதும் பழைய வரையறை ஒரு சிக்கலைத் தோற்றுவித்தது. ஒன்று எண் என்றால், பகுக்க இயலாத எண் என்னும் அளவில் அது பகா எண்ணாகவும் இருத்தல் வேண்டும். 1742 ஜூன் 7 அன்று கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் ஒன்றும் பகா எண்ணாகவே கொள்ளப்பட்டுள்ளது. ஆகவே இன்றைய மாணவரின் ஐயம் அறியாமையால் எழுவதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தேர்ந்த கணித அறிஞர் ஒருவர் கொண்டிருந்த நிலையே அது.

ஒருமைத்தன்மையின் வெளிப்பாடு

1801இல் வெளிவந்த காஸின் 'எண்கணித ஆய்வுகள்' நூலின் 16ஆம் பிரிவு திருப்புமுனையாக அமைந்தது. ஒரு பகு எண்ணை ஒரே ஒரு வழியில்தான் பகாக் காரணிகளாகப் பிரிக்க இயலும் என்பதை அவர் தெளிவாகக் கூறி நிறுவினார். அதுவரை பலர் நிறுவாமலே பயன்படுத்திய கருத்து தேற்றமாயிற்று. ஒன்றைப் பகா எண்ணாகக் கொண்டால் இத்தேற்றத்தை இவ்வடிவில் கூற இயலாது. 12ஐ 2 × 2 × 3 என எழுதுவதோடு, ஒன்றை எத்தனை முறையும் சேர்த்து முடிவின்றிப் பல வடிவங்களில் எழுதலாம்.

இத்தேற்றத்தின் அருமை 1847இல் புலனாயிற்று. அவ்வாண்டு மார்ச் 1 அன்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஃபெர்மாவின் இறுதித் தேற்றத்திற்கு நிறுவல் கண்டதாக லாமே அறிவித்தார். இயல் எண்களைவிட விரிந்த ஓர் எண்ணுலகில் காரணிப்படுத்தலை அவர் பயன்படுத்தியிருந்தார். அங்கும் ஒருமைத்தன்மை உண்டு என்பது நிறுவப்பட்டதா என லியூவில் வினவினார். அது எல்லா இடங்களிலும் நிலைக்காது எனத் தாம் முன்னரே காட்டியிருப்பதாகக் கும்மர் கடிதம் எழுதினார். லாமேயின் நிறுவல் வீழ்ந்தது. பிளவுறாமை ஒன்றே போதும் என்னும் எண்ணம் ஒரு பெரிய நிறுவலையே சாய்த்தது.

எளிய எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். √−5ஐச் சேர்த்து அமைத்த எண்ணுலகில் 6ஐ 2 × 3 எனவும் (1+√−5) × (1−√−5) எனவும் பிரிக்கலாம். நான்கு காரணிகளும் அவ்வுலகில் மேலும் பகுபடாதவை. ஆயினும் 2 என்பது பின்னிரு காரணிகளில் எதனையும் வகுப்பதில்லை. யூக்ளிடின் 30ஆம் கூற்று இங்குப் பொய்க்கிறது. பகுபடாமையும் முதன்மையும் வெவ்வேறு பண்புகள். இயல் எண்களில் அவை ஒன்றாகத் தோன்றுகின்றன என்பது இதனால் விளங்கிற்று. கும்மரைப் பின்பற்றி 1871இல் டெடெகிண்ட் அமைத்த கோட்பாடு இச்சிக்கலுக்குத் தீர்வு தந்தது.

இத்தகைய ஆய்வுகளில் ஒன்றுக்கும் உரிய இடம் கிடைத்தது. முழு எண்களில் 1, −1 ஆகியன எல்லா எண்களையும் வகுக்கும். √−1ஐச் சேர்த்துக் காஸ் 1832இல் ஆராய்ந்த எண்ணுலகில் அத்தகையவை நான்கு. இவை அலகுகள் எனத் தனி வகையாயின. ஒன்று இரு வகைகளிலும் சேராத எச்சம் அன்று. மூன்றாம் வகையின் உறுப்பு.

உடன்பாடு நிலைபெறுதல்

ஆராய்ச்சியில் தெளிந்தது நூல்களில் உடனே நிலைபெறவில்லை. 1914இல் டெரிக் நார்மன் லெமர் வெளியிட்ட பெரும் பகா எண் பட்டியல் ஒன்றிலிருந்தே தொடங்குகிறது. 1908இல் முதற்பதிப்புக் கண்ட ஹார்டியின் தூய கணிதப் பாடநூலும் தொடக்கப் பதிப்புகளில் ஒன்றைப் பகா எண்ணாகவே கொண்டது.

அதே ஹார்டியும் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனும் 1917இல் ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என ஆராய்ந்தனர். அவ்வெண்ணிக்கையில் ஒன்றுக்கு இடமில்லை. 1915இல் வெளிவந்த இராமானுஜனின் மிகு பகு எண்கள் பற்றிய ஆய்வும் பகாக் காரணிகளின் அடுக்குகளையே அடிப்படையாகக் கொண்டது. 5040இன் பகாக் காரணிகளாகிய 2, 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகள் முறையே 4, 2, 1, 1. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 5 × 3 × 2 × 2 = 60 காரணிகள் எனக் கிடைக்கும். ஒன்றும் பகா எண்ணானால் அதன் அடுக்கு எதுவென வரையறுக்க இயலாது, கணக்கும் நிற்காது.

1938இல் ஹார்டியும் ரைட்டும் எழுதிய எண்ணியல் அறிமுக நூல் ஒன்று பகா எண் அன்று எனத் தெளிவுபடக் கூறியது. அதே ஆண்டில் ஹார்டியின் பாடநூலும் திருத்தம் பெற்றது. இன்றைய பாடநூல் வரையறை நூறாண்டுக்கும் குறைந்த காலத்திலேயே முற்றிலும் நிலைபெற்றது எனலாம்.

பாடத்திட்டத்தில் விழும் இடைவெளி

ஒன்றை நீக்கும் வரையறை ஆறாம் வகுப்பில் வருகிறது. அந்நீக்கத்திற்குக் காரணமான அடிப்படை எண்ணியல் தேற்றம் பத்தாம் வகுப்பில் வருகிறது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மாணவர் காரணம் அறியாமலே விதியைப் பின்பற்றுகின்றனர். தேற்றம் வரும்போதோ பழைய வினா மறக்கப்பட்டிருக்கும். கணிதத்தில் வரையறைகள் மேலிருந்து விதிக்கப்படுவன என்னும் எண்ணம் இவ்வாறே வேரூன்றுகிறது.

இவ்விடைவெளியை ஆறாம் வகுப்பு அளவிலேயே குறைக்க இயலும். காரணிச் செடியில் ஒன்றையும் கிளையாக அனுமதித்தால் செடி எங்கு முடியும் என வினவலாம். முடிவதில்லை என்பதை மாணவரே காண்பர். ஹில்பர்ட்டின் பெயரால் அறியப்படும் எண் தொகுதி மற்றொரு கருவி. 4ஆல் வகுக்க 1 மீதி தரும் 1, 5, 9, 13, 17, 21 முதலிய எண்கள் மட்டுமே உள்ளன எனக் கொள்வோம். அத்தொகுதிக்குள் 9, 21, 49 ஆகியன மேலும் பகுபடாதவை. ஆயின் 441ஐ 9 × 49 எனவும் 21 × 21 எனவும் பிரிக்கலாம். பிரிப்பு ஒரு வகையிலேயே அமையும் என்பது எல்லா எண் தொகுதிக்கும் தானாக வாய்ப்பதன்று என்பதைப் பெருக்கல் வாய்பாடு அறிந்த மாணவரும் இதனால் உணர இயலும்.

முடிவுரை

எண் அல்லாததாக இருந்த ஒன்று எண்ணாகி, சிலரிடத்துப் பகா எண்ணாகி, இறுதியில் அலகு என்னும் தன் இடத்தை அடைந்தது. இம்மாற்றங்களுள் எதுவும் முன்னோரின் கணக்குப் பிழையால் நேர்ந்ததன்று. ஒவ்வொரு காலத்திலும் எண்களிடம் எதிர்பார்க்கப்பட்ட பணியே வரையறையைத் தீர்மானித்தது. காரணிப்படுத்தலின் ஒருமைத்தன்மை எண்ணியலின் மையத்திற்கு வந்தபோது ஒன்று பட்டியலிலிருந்து விலகியது. பகா என்னும் தமிழ்ச்சொல் பிளவுறாமையை மட்டுமே உணர்த்துவதால், ஒன்றை நீக்கியதன் காரணத்தைத் தமிழ்வழி ஆசிரியர் தனியே விளக்க வேண்டியுள்ளது. அவ்விளக்கத்திற்குத் தேவையான சான்றுகளை இவ்வரலாறு வழங்குகிறது. ஒன்று ஏன் பகா எண் ஆகாது எனக் கேட்கும் மாணவருக்கு, அறிஞர்களும் ஒரு காலத்தில் இதனையே கேட்டனர், பின்னர் இக்காரணத்தால் இவ்வாறு முடிவுசெய்தனர் என்பதே உரிய விடையாகும்.