ஒன்பதாம் வகுப்பும் இரண்டு பட்டியல்களும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உங்களில் பலருடைய பிள்ளைகள் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறார்கள். அங்கே அந்த வகுப்புப் பிள்ளைக்கு "ஃப்ரெஷ்மேன்" என்று பெயர். இங்கிருந்து தாத்தா பாட்டி போனில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன குரூப் எடுத்திருக்கே?" என்பதுதான். நமக்குத் தெரிந்தது அதுதானே! 1978இல் பிளஸ் டூ வந்த நாளிலிருந்து, பத்தாவது முடித்ததும் ஒரே ஒரு முறை குரூப் எடுப்போம், அதோடு சரி. அங்கே குரூப் கிடையாது. பதினான்கு வயதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பாடங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் "கிரெடிட்" என்று ஒரு மதிப்பு. நான்கு ஆண்டுகளில் தேவையான கிரெடிட் சேர்ந்தால்தான் பள்ளிச் சான்றிதழ்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்ற வரலாற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன். வரலாறு தெரிந்தால், பிள்ளை எந்த இடத்தில் சறுக்கக்கூடும் என்பதும் தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் பழைய பள்ளிகள் கல்லூரிக்கு ஆள் தயார் செய்யவே இருந்தன. 1635இல் தொடங்கிய பாஸ்டன் லத்தீன் பள்ளியின் பெயரே அதைச் சொல்லும்: லத்தீன், கிரேக்கம் படி, கல்லூரிக்குப் போ. கல்லூரிக்குப் போகாமல் வியாபாரத்துக்கும் தொழிலுக்கும் போகும் பையன்களுக்காக 1821இல் அதே பாஸ்டனில் ஓர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தார்கள். அமெரிக்காவின் முதல் பொது உயர்நிலைப் பள்ளி என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆக, கல்லூரிக்குப் போகிறவனுக்கு ஒரு வழி, போகாதவனுக்கு ஒரு வழி என்ற பிரிவு ஆரம்பத்திலேயே விழுந்துவிட்டது.

உயர்நிலைப் பள்ளிக்கு மக்கள் வரிப்பணத்தைச் செலவழிக்கலாமா என்று வழக்கே நடந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊர் வழக்கில், செலவழிக்கலாம் என்று 1874இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு பள்ளிகள் பெருகின. கூடவே குழப்பமும் பெருகியது. ஒரு பள்ளியில் ஒரு பாடம் ஆண்டு முழுவதும் நடக்கும். பக்கத்து ஊரில் அதே பெயருள்ள பாடம் சில வாரங்களில் முடிந்துவிடும். கல்லூரிகளோ ஆளுக்கொரு நுழைவு விதி வைத்திருந்தன. தலைமையாசிரியர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இதைச் சரிசெய்ய, தேசியக் கல்விச் சங்கம் 1892இல் பத்துப் பேர் குழு ஒன்றை அமைத்தது. தலைவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட். ஒன்பது துறைகளுக்கு ஒன்பது துணைக் குழுக்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். அவர்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று முக்கியமானது: கல்லூரிக்குப் போகும் மாணவனுக்கும் போகாத மாணவனுக்கும் ஒரு பாடத்தை வேறு வேறு விதமாகக் கற்பிக்க வேண்டுமா? ஒன்பது குழுக்களும் ஒரே குரலில், வேண்டாம் என்றன. அறிவைக் கற்கும் விதத்தில் ஏழை வீட்டுப் பிள்ளை, பணக்கார வீட்டுப் பிள்ளை என்ற வேறுபாடு கூடாது என்பதை ஓர் ஆசிரியராக நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பதில் அப்படியே நிலைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இனி கிரெடிட் வந்த கதை. அது பென்ஷனிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா?

எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1890இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்களில் ஒருவரானார். பேராசிரியர்களுக்கு எவ்வளவு குறைந்த சம்பளம் என்பதை அங்கேதான் கண்டார். வயதான காலத்தில் அவர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்கட்டும் என்று 1905இல் ஒரு கோடி டாலர் கொடுத்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பணம் வந்துவிட்டது, யாருக்குக் கொடுப்பது? கல்லூரி என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்ட பள்ளிகள் அப்போது ஏராளம். எனவே "கல்லூரி" என்பதற்கே அறக்கட்டளை ஓர் இலக்கணம் வகுத்தது. முழுநேரப் பேராசிரியர்கள் குறைந்தது ஆறு பேர் இருக்க வேண்டும். நான்காண்டுப் படிப்பு இருக்க வேண்டும். சேரும் மாணவன் உயர்நிலைப் பள்ளியில் குறைந்தது 14 "யூனிட்" முடித்திருக்க வேண்டும்.

யூனிட் என்றால்? ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி நேரம் படிப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு 40 நிமிடம், ஆண்டுக்கு 180 நாள். பெருக்கினால் 7,200 நிமிடம், அதாவது சரியாக 120 மணி நேரம். பென்ஷன் வேண்டும் என்பதால் கல்லூரிகள் விதியை ஏற்றன. கல்லூரியில் இடம் வேண்டும் என்பதால் பள்ளிகளும் ஏற்றன. இன்று உங்கள் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் இருக்கும் கிரெடிட் அந்த யூனிட்டின் வாரிசுதான். பெரும்பாலான இடங்களில் ஓராண்டுப் பாடம் ஒரு கிரெடிட், ஒரு செமஸ்டர் அரை கிரெடிட். கலிபோர்னியாவின் பல மாவட்டங்களில் அதையே செமஸ்டருக்கு ஐந்து என்று எண்ணுகிறார்கள். அளவு ஒன்றுதான், எண்தான் வேறு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். யூனிட் அளந்தது வகுப்பில் உட்கார்ந்த நேரத்தை; மாணவன் எதைக் கற்றான் என்பதை அல்ல. எந்தப் பாடத்தில் சேர்ந்த யூனிட் என்பதும் பின்னால் பெரிய கேள்வியானது.

1917இல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வந்தது. விவசாயம், கைத்தொழில், மனையியல் பாடங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. அடுத்த ஆண்டே தேசியக் கல்விச் சங்கத்தின் இன்னொரு குழு, உயர்நிலைக் கல்வியின் ஏழு நோக்கங்கள் என்று உடல்நலம், குடும்ப வாழ்க்கை, தொழில், குடிமைப் பண்பு, ஓய்வு நேரம் எல்லாவற்றையும் சேர்த்து அறிக்கை தந்தது. நல்ல நோக்கம்தான். தொழிற்கல்வி தாழ்ந்ததும் அல்ல. ஆனால் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு மூன்று தடங்கள் உருவாயின. யாரை எந்தத் தடத்தில் விடுவது என்பதைப் பள்ளியும் அறிவுத்திறன் சோதனையும் முடிவு செய்தன. எல்லாத் தடங்களிலும் கிரெடிட் சேரும். எல்லோருக்கும் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் எல்லாச் சான்றிதழும் கல்லூரிக் கதவைத் திறக்காது.

இதன் வலி வெளிப்பட்ட இடம் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ். அங்கே மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் அதிகம். பையன்களைப் பட்டறைப் பாடங்களுக்கும், பெண்களை மனையியலுக்கும் தட்டச்சுக்கும் தள்ளுவது வழக்கமாக இருந்தது. 1968 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். இருமொழி ஆசிரியர்கள் வேண்டும், எங்கள் வரலாற்றையும் கற்பியுங்கள், கல்லூரிக்குப் போகும் பாடங்களை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்களோடு நின்றவர் லிங்கன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோ. அவரையும் இன்னும் 12 பேரையும் சதி வழக்கில் கைது செய்தார்கள். வகுப்பறைக்கு வர அவருக்குத் தடை போட்டார்கள். மாணவர்களும் பெற்றோரும் கல்வி வாரிய அலுவலகத்திலேயே உட்கார்ந்து போராடி அவரைத் திரும்ப அழைத்து வந்தார்கள். வழக்கும் பின்னர் தள்ளுபடியானது. பின்னாளில் அதே நகரில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பாடப் பட்டியல் ஒன்றுக்காக ஓர் ஆசிரியர் சிறைக்குப் போனார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1983 ஏப்ரலில் "அபாயத்தில் ஒரு நாடு" என்ற பொருள்படும் தலைப்பில் தேசிய ஆணையம் ஒன்று அறிக்கை வெளியிட்டது. பள்ளி முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் நான்காண்டு ஆங்கிலம், மூன்றாண்டு கணிதம், மூன்றாண்டு அறிவியல், மூன்றாண்டு சமூகவியல், அரையாண்டு கணினி படிக்க வேண்டும் என்றது. கல்லூரிக்குப் போகிறவர்கள் ஈராண்டு அயல்மொழியும் படிக்கட்டும் என்றது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விதிகளை இறுக்கின. இருந்தும் இரண்டு பட்டியல்களும் ஒன்றாகவில்லை.

கலிபோர்னியாவையே எடுத்துக்கொள்வோம். பள்ளி முடிக்க மாநிலம் கேட்கும் குறைந்தபட்சத்தில் ஆங்கிலம் மூன்றாண்டு, கணிதம் ஈராண்டு. கலை, அயல்மொழி, தொழிற்கல்வி மூன்றில் ஏதாவது ஒன்று ஓராண்டு போதும். மாநிலத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழக அமைப்புகளோ "ஏ-ஜி" என்ற 15 ஓராண்டுப் பாடங்களைக் கேட்கின்றன. அதில் ஆங்கிலம் நான்கு, கணிதம் மூன்று, ஒரே அயல்மொழியில் இரண்டு, கலை ஒன்று. எல்லாவற்றிலும் சி அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும். பல கல்வி மாவட்டங்கள் மாநிலத்தைவிட அதிகம் கேட்கின்றன, உண்மைதான். லாஸ் ஏஞ்சலஸ் கல்வி வாரியம் ஏ-ஜி பாடங்களையே பள்ளி முடிக்கும் நிபந்தனையாக்க 2005இல் தீர்மானம் போட்டது. ஆனால் பள்ளி முடிக்க டி போதும், பல்கலைக்கழகத்துக்கு சி வேண்டும் என்ற இடைவெளி அங்கேயும் இருக்கிறது. எல்லாப் பாடத்திலும் தேறி, மேடையேறிச் சான்றிதழ் வாங்கிய பிள்ளை, மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

டெக்சாஸிலும் இதே கதை, வேறு வேடத்தில். 2013இல் வந்த சட்டப்படி அடிப்படைத் திட்டத்துக்கு 22 கிரெடிட். ஒன்பதாம் வகுப்பில் நுழையும்போதே ஒரு துறையைக் குறித்துக் கொடுத்து அதையும் முடித்தால் 26. அடிப்படைத் திட்டத்தில் இரண்டாம் அல்ஜீப்ரா கட்டாயம் இல்லை. ஆனால் வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடியாக இடம் தரும் விதிக்கு, அந்த அல்ஜீப்ராவும் சேர்ந்த உயர்நிலைத் திட்டத்தை முடித்திருக்க வேண்டும்.

அல்ஜீப்ரா என்றதும் பாப் மோசஸ் நினைவுக்கு வருகிறார். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய உயிரைப் பணயம் வைத்துப் போராடியவர், கணித ஆசிரியர். மாசசூசெட்ஸில் தன் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் அல்ஜீப்ரா இல்லை என்று கண்டார். வகுப்பாசிரியை அழைக்க, அவரே போய் மகளுக்கும் வேறு சில பிள்ளைகளுக்கும் கற்பித்தார். 1982இல் அதுவே அல்ஜீப்ரா திட்டம் என்ற இயக்கமாக வளர்ந்தது. ஓட்டுரிமை போலவே இதுவும் ஓர் உரிமை என்பது அவர் வாதம். காரணம் எளிது. அங்கே கணிதம் ஓர் ஏணி: அல்ஜீப்ரா, பிறகு வடிவியல், பிறகு இரண்டாம் அல்ஜீப்ரா, அதன் பிறகுதான் மேல் கணிதம். வழக்கமான வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஓராண்டு. கீழ்ப்படியில் தாமதமாகக் கால் வைத்த பிள்ளை, மேலே ஏறுவதற்குள் பள்ளியே முடிந்துவிடும்.

ஆகவே, என் செல்லங்களே, ஒன்பதாம் வகுப்பில் பாடத்தேர்வுப் படிவம் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் நான்கு ஆண்டுக்கும் கட்டம் போடுங்கள். உங்கள் மாவட்டத்தின் பள்ளி முடிக்கும் பட்டியலை ஒரு பக்கம், பிள்ளை போக நினைக்கும் பல்கலைக்கழகத்தின் பட்டியலை மறுபக்கம் வையுங்கள். விதிகள் சேரும் ஆண்டைப் பொறுத்து மாறும். அண்ணன் படித்தபோது இருந்தது தம்பிக்குப் பொருந்தாமல் போகலாம். பள்ளியின் கவுன்சிலர் கையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருப்பார்கள். அவர் அழைக்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே போய்ப் பாருங்கள். சில மாவட்டங்களில் வார இறுதித் தமிழ்ப்பள்ளியில் படித்த தமிழையே அயல்மொழிக் கிரெடிட்டாக ஏற்கிறார்கள். உங்கள் ஊரில் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கால்குலஸ் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டறைப் பாடம் பிடித்த பிள்ளை மனமார அதைப் படிக்கட்டும். ஆனால் அது பிள்ளை தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்; யாரும் சொல்லாததால் வந்து விழுந்த முடிவாக இருக்கக் கூடாது. 1968இல் அந்தப் பிள்ளைகள் தெருவில் இறங்கிக் கேட்டதும் இதைத்தான்.

உங்கள் ஊரில் விதி எப்படி என்று கீழே எழுதுங்கள். அடுத்து ஒன்பதாவதுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு உதவும். எல்லாப் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.